ரேகை தேய்ந்த கை

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 26 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். ரேஷன் கடைக் கருவியில் என் கட்டைவிரல் பதிவாவதே இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் ஓட்டுநர்களுக்குக் கைரேகை அட்டை கட்டாயமாமே? இங்கும் அது வந்தால் என் பாடு என்ன ஐயா?

பதில்: தம்பி, கீழமாசி வீதியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். ஓட்டுநர்களின் கையெழுத்தைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியே விரல் நுனி வழவழத்துப் போயிருக்கும். உப்பு மூட்டை சுமப்பவர் கையில் வெடிப்பு. சிமெண்ட் ஏற்றுபவருக்கு ரேகையையே அரித்துவிடும். எங்களிடம் இருந்த ஒரு லோடுமேன் கூலி வாங்க வைக்கும் பெருவிரல் பதிவு வெறும் ஊதாப் பொட்டாகத்தான் விழும். ஆளைத் தெரியும் என்பதால் நான் பணத்தைக் கொடுத்துவிடுவேன். கருவிக்கு யாரைத் தெரியும்?

நீங்கள் சொல்லும் அமெரிக்க அட்டை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 2002-இல் வந்த கடல்வழிப் பாதுகாப்புச் சட்டத்தின் பிள்ளை. 2007 அக்டோபரில் டெலாவேர் மாநிலத்து வில்மிங்டனில் பதிவு தொடங்கியது. 2009 ஏப்ரல் 15 முதல் நாடு முழுக்கக் கட்டாயம். துறைமுகத்தின் காவல் பகுதிக்குள் துணையின்றிப் போக அது வேண்டும். ஐந்தாண்டு செல்லும். தொடக்கத்தில் கட்டணம் 132.50 டாலர். கூத்து என்னவென்றால், அட்டையின் சில்லில் ரேகை இருந்தும் பெரும்பாலான வாயில்களில் அதைப் படிக்கும் கருவி இல்லை. அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத்தான் காவலர் உள்ளே விட்டார். கருவிக்கான விதியே 2016-இல்தான் வெளிவந்தது. அதிலும் விரல் படியாதவர் ரகசிய எண்ணை அழுத்தி உள்ளே போகலாம் என்று இடம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஒரு வரிதான்.

நம் நாட்டிலும் 2019-இல் மாலுமிகளுக்கென்று வந்த அடையாள ஆவணம் விரலை விட்டு முகத்தைப் பதிகிறது. ஆகவே இப்போதே பயந்து லாரியை விற்றுவிட வேண்டாம்.

ரேஷன் கடைக்கு வருவோம். ஆதாரில் உங்கள் பத்து விரல்களும் இரு கருவிழிகளும் பதிவாகியிருக்கின்றன. கட்டைவிரலோடு மல்லுக்கட்டாமல், கயிறு அதிகம் படாத மோதிர விரலை வைத்துப் பாருங்கள். முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள்; எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் கண்ணாடிதான் கறைபடும். அதற்கும் மசியாவிட்டால், நான்கைந்து நாள் லோடு இல்லாத சமயமாகப் பார்த்து ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வேலை நிறுத்தினால் ரேகை ஓரளவு திரும்ப வளரும்.

துறைமுகத்தில் விரல் கேட்கும் நாள் வந்தால், விரல் படியாதவருக்கு வாயிலிலேயே என்ன மாற்றுவழி என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி 150 கிலோமீட்டர் லோடு ஏற்றிப் போகாதீர்கள்.