2028இல் வரும் தவணை

கேள்வி: 2024 டிசம்பரில் இலங்கையின் கடன் மறுசீரமைப்பு முடிந்துவிட்டது என்றார்கள். அப்படியானால் 18 சதவீத வற் வரியை (பெறுமதி சேர் வரியை) ஏன் இன்னும் குறைக்கவில்லை?
- ஆசிரியை ஒருவர், வவுனியா

முடிந்தது பேரம்தான், ரீச்சர். கடனில் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர் பிணைமுறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, புதிய முறிகளாக மாற்றியபோது 27 சதவீதக் கழிவு என்று பெரிதாகப் பேசப்பட்டது. அதன் அடியிலிருந்த நிபந்தனையை அவ்வளவு சத்தமாக யாரும் வாசிக்கவில்லை. 2025 முதல் 2027 வரை நம் பொருளாதாரம் குறித்த அளவைத் தாண்டி வளர்ந்தால், 2028இலிருந்து கழிவு சுருங்கும், நாம் கொடுப்பது கூடும். நல்ல காலம் வந்தால் அதிலும் கடன்காரனுக்குப் பங்கு! இந்தியா, ஜப்பான் முதலிய நாடுகளுடன் 2024 ஜூனில் முடிந்த 5.8 பில்லியன் டொலர் ஒப்பந்தத்திலும் முதலுக்கான தவணைகள் 2028க்குத்தான் தள்ளிப்போயிருக்கின்றன.

அதுவரை, வட்டி போக மற்ற எல்லாச் செலவும் கழித்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு. அந்த மிச்சத்தில் ஒரு பகுதி உங்கள் சமையல் எரிவாயு பில்லில் வற்றாக இருக்கிறது.

எல்லாவற்றையும் சீனக் கடன் தலையில் கட்டுவது நம்மவர்களுக்கு வசதி. என் கோபம் 2019 டிசம்பர் மீது. 15 சதவீதமாக இருந்த வற்றை ஒரே வீச்சில் 8 ஆக்கினார்கள். வற்றுக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்பனை எல்லையை ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்த்தினார்கள். புறக்கோட்டையின் பெரிய கடைகள் பலவும் அதோடு வரிக்கு வெளியே போயின. 2021இல் அரச வருமானம் உற்பத்தியில் 8 சதவீதமளவில் வந்து நின்றது.

அப்போது நான் கொழும்பில் ஒரு வங்கியில், இறக்குமதிக்கான கடன் கடிதங்களைத் திறக்கும் எல்.சி. மேசையில் இருந்தேன். 2022 மார்ச்சில் பருப்பு இறக்குமதி செய்யும் ஒரு முதலாளி, ரூபாயைக் கட்டுக்கட்டாக மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, கொள்கலன் துறைமுகத்தில் நிற்கிறது. டொலர் மட்டும் தாருங்கள்" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் தம்பி என்றது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. கொடுக்க டொலர்தான் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடே நிறுத்தியது.

ஆகவே வற் உடனே குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பாணுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலைக்கூடக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்கும் மாளிகைக்கும் ஒரே 18 சதவீதம் என்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன். சொத்து வரியை ஒத்திப்போட்டுக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: என் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்) பணத்தில் கைவைத்துவிட்டார்களா?
- தனியார் நிறுவன ஊழியர், மட்டக்களப்பு

முதல் தொகையில் வைக்கவில்லை, வட்டியில் வைத்தார்கள். 2023இல் நிதியத்தின் பழைய திறைசேரி முறிகளை, தொடக்கத்தில் 12, பிறகு 9 சதவீதம் தரும் முறிகளாக மாற்றினார்கள். மாற்றாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி என்றார்கள். அப்புறம் எங்கே மறுப்பது? ஆனால் உங்கள் பணத்தைப் பெரிதாகத் தின்றது அதற்கு முந்தைய வருடம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது யாரும் உங்களிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.