பாட்டியை அழித்துவிட்டு எழுதிய கட்டுரை

கேள்வி: அக்கா, நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கட்டுரை என்றாலே பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். மூன்று மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்ய வைத்தும் வர்ணனை வரவில்லை. வாசிக்கச் சொன்னால் அழுகை. எழுத்துப்பிழை பக்கத்துக்குப் பத்து. பிழைவிட்ட சொல்லை இருபது தடவை எழுத வைக்கிறேன். போன வாரம் ‘என் பாட்டி’ என்று ஒரு கட்டுரை. என் மாமியார் இப்போதும் ஒருவரின் சின்னத் தோட்டத்துக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டவும், உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுக்கவும் போகிறார். இவன், “பாட்டி கையிலே ஒட்டுப்பால் நாத்தம் அடிக்கும், சோப்பு போட்டாலும் போகாது” என்று எழுதி வைத்திருந்தான். ஆசிரியர் என்ன நினைப்பார் என்று அதை அழித்துவிட்டு “என் பாட்டி அன்பின் சிகரம்” என்று எழுதிக் கொடுத்தேன். டியூஷனுக்கு அனுப்பலாமா?
– ஒரு தாய்

பதில்: டியூஷன் வேண்டாம். முதலில் அந்த அழிப்பானைக் கீழே வையுங்கள்.

வர்ணனை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வந்ததம்மா. வந்ததை அழித்தது நீங்கள். அன்பின் சிகரம் என்று யார் பாட்டியைப் பற்றியும் எழுதலாம், ஆசிரியர் அதை முப்பது தாளில் பார்த்திருப்பார். சோப்பு போட்டாலும் போகாத ஒட்டுப்பால் நாற்றம் உங்கள் வீட்டுப் பாட்டிக்கு மட்டும்தான் உண்டு, அதை மூக்கால் கண்டுபிடித்து, கை கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, யாரும் சொல்லித் தராமல் ஒரு பத்து வயதுப் பிள்ளை எழுதியிருக்கிறான். அவன் இனி எழுத உட்காரும்போது என்ன செய்வான்? அம்மாவுக்குப் பிடித்த பொய் எது என்று தேடுவான். பென்சிலைக் கடிப்பது அதற்குத்தான்.

இன்னொன்றும் அவனுக்குப் புரிந்திருக்கும். பாட்டியின் கை வெளியே சொல்லக் கூடாதது என்று. இதைத்தான் என்னால் லேசாக விட முடியவில்லை. என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூட வாசலில் அவர் வந்து நின்றால் நான் பின்பக்கமாகப் போயிருக்கிறேன், அவருக்கு அது தெரியும், கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கணவரைப் படிக்க வைத்ததும் அந்தக் கைதானே? மாமியாருக்குச் சோறு போடுவதோடு மருமகளின் கடமை முடிந்துவிடாது. பேரன் அவரை மதிக்க வளர்ப்பதும் அதில் அடங்கும்.

ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-லேயே போய்விட்டது, மனப்பாடம் மட்டும் இன்னும் போகவில்லை. “காலைக் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பினான்” என்று அவன் ஒப்பிப்பான், ஆனால் அவன் பாட்டி கதிரவன் வருவதற்கு முன்பே கிளம்பிப் போகிறவர். ஏன் அத்தனை விடியலில் போகிறார் என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பார். மரத்தில் வெட்டிய கோட்டின் வழியாகப் பால் எப்படி இறங்கும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் முதல் சொட்டு விழும்போது சத்தம் கேட்குமா, கொசு எங்கே கடிக்கும், உறைந்த பாலை மங்கிலிருந்து பிய்த்துச் சாக்கில் போட்டால் எத்தனை நாளில் நாறத் தொடங்கும், இதெல்லாம் பத்து நிமிடம் பேசட்டும். பேசி முடித்த சூட்டோடு ஐந்து வரி எழுதட்டும். அவ்வளவு போதும். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எழுத்துப்பிழைக்கு வருகிறேன். இருபது தடவை எழுத வைத்தால் கை வலிக்கும், பிழை போகாது. எல்லாப் பிழையும் ஒரே வகை இல்லை. ல, ள, ழ பிழையை வாய் திருத்தும், பாட்டிக்கு முட்டி வலி, மங்கில் பால் வழிகிறது என்று நாக்கை மடித்துச் சத்தமாகச் சொல்லிப் பழகினால் வேறுபாடு காதில் விழும். ர, ற அப்படி இல்லை, நாம் பேசும்போது இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது, அதனால் நீங்கள் எத்தனை முறை சொல்வதெழுதுதல் வைத்தாலும் அவன் குருட்டாம்போக்கில்தான் எழுதுவான். அது கண்ணால் பழக வேண்டியது. சட்டையில் பால் கறை, ஆற்றங்கரை, இரண்டையும் வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ந, ன குழப்பத்துக்கு ஒரு சின்ன வழி: சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. அப்புறம், வீட்டில் காத்து, சேத்துல, ஆத்துல என்று பேசுகிறோம், ஏட்டில் அது காற்று, சேற்றில், ஆற்றில். உங்கள் மகன் ‘நாத்தம்’ என்று எழுதியது இந்தப் பிழைதான். இரண்டே எழுத்துத் திருத்தம். அதற்காக வாக்கியத்தையே கொன்றுவிட்டீர்கள்.

வாசிப்புக்குத் தனியாக உட்கார வைக்காதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஞாயிறு பேப்பரில் ஒரு துண்டு, ஒரு சின்னக் கதை, எதையாவது பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். தடுக்கினால் நீங்கள் குறுக்கே விழக் கூடாது. புரியாத இடத்தில் பாட்டியே “என்னடா சொன்ன?” என்று கேட்பார், அவன் திரும்ப வாசிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்கு மூவரும் போய் வாருங்கள். 1877-இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. இத்தனை வருடம் பால் வெட்டியவர் அதைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று பையன் கேட்டு எழுதி வரட்டும்.

அதற்கு முன், இன்றைக்கே, அந்தக் கட்டுரைத் தாளை எடுங்கள். அழித்தது தவறு என்று அவனிடம் வாயால் சொல்லுங்கள், பெற்றவள் பிள்ளையிடம் தவறை ஒப்புக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை. பழைய வரியை அவன் கையாலேயே மறுபடி எழுதட்டும், ‘த்த’ மட்டும் ‘ற்ற’ ஆகட்டும். எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் அவர் தன் கையை என்ன செய்கிறார் என்று அவன் கவனிக்கட்டும். அடுத்த வரி அதுதான்.