டிரைவர் பையிலேயே இருக்கட்டும்: கோல்ஃப் பயிற்சியில் முதல் பத்து வகுப்புகள்

கேள்வி: வயது 41. கல்லூரி வரை கிரிக்கெட் ஆடினேன். நான்கு மாதமாக வீடியோக்களைப் பார்த்து டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) கோல்ஃப் பழகுகிறேன். டிரைவரில் (தொலைதூரம் அடிக்கும் நீளமான மட்டை) அடித்தால் பந்து இடப்பக்கம் கிளம்பி, பெரிதாக வலப்பக்கம் வளைந்துவிடுகிறது. ஏழாம் நம்பர் அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான இரும்பு மட்டை) பாதிப் பந்துகள் உச்சியில் அடிபட்டுத் தரையோடு உருண்டு ஓடுகின்றன. பயிற்சியாளரிடம் 10 வகுப்புகள் சேரலாமா? அவர் எதைச் சொல்லித் தர வேண்டும்?

சேருங்கள். முதல் வகுப்பு முழுக்க மட்டையைப் பிடிப்பதிலும் நிற்பதிலுமே போனால், காசு வீணாகிறதே என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் குறைகளின் வேர் பெரும்பாலும் மட்டை அசைவதற்கு முன்பே இருக்கிறது. (இங்கே சொல்லும் இடம், வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு.)

முதலில் டிரைவர். பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, மோதும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. அது எந்தப் பக்கம் வளையும் என்பது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பழைய பாடங்களில் இதைத் தலைகீழாகச் சொல்லியிருப்பார்கள். ரேடார் கருவிகள் அளந்து காட்டிய பிறகே பலரும் மாற்றிக்கொண்டார்கள். உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்புகிறது, அப்படியானால் முகம் இலக்குக்கு இடப்பக்கம் பார்க்கிறது. பிறகு வலப்பக்கம் வளைகிறது, அப்படியானால் மட்டை அதைவிடவும் இடப்பக்கமாக, வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு வருகிறது. இதுதான் ஸ்லைஸ். பந்து வலப்பக்கம் போகிறதே என்று நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திரும்பி நிற்கத் தொடங்கியிருப்பீர்கள். அப்படி நிற்க நிற்க வெட்டும் கூடும், வளைவும் கூடும்.

டிரைவரின் முகச்சாய்வு, அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, சுமார் 10 டிகிரிதான். அதனால் ஸ்லைஸ் பூதாகரமாகத் தெரியும். ஏழாம் நம்பரின் சாய்வு 30 டிகிரியை ஒட்டியது. பின்சுழற்சி அதிகம் என்பதால் அதே தவறு அடங்கித் தெரியும். கற்றுக்கொள்ள ஏற்றது அந்த மட்டைதான். ஏழு வகுப்புகள் முடியும் வரை டிரைவரை வெளியே எடுக்காதீர்கள்.

அடுத்து பிடி. கிரிக்கெட் பழக்கம் இங்கேதான் குறுக்கே வரும். பேட்டின் கைப்பிடி உள்ளங்கையில் கிடந்தாலும் டிரைவ் ஆடலாம். முகத்தைத் திரும்பவிடாமல் கடைசிவரை காட்டச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். கோல்ஃபில் அதே கை முகத்தை மூடவிடாது. இடக்கையில் கைப்பிடி சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாக விரல்களின்மேல் ஓட வேண்டும். உள்ளங்கையின் அடிமேடு கைப்பிடியின் மேலே அமர வேண்டும். பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு முட்டிகளாவது தெரிய வேண்டும். உங்களைப் போல ஸ்லைஸ் அடிப்பவருக்கு மூன்று தெரிந்தாலும் தவறில்லை. வலது உள்ளங்கை இடது கட்டைவிரலை மூடட்டும். இரு கைகளிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கோடு வலது தோள்பக்கம் காட்ட வேண்டும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேலே வைப்பதா, அதோடு கோத்துக்கொள்வதா என்பது கையின் அளவைப் பொறுத்தது. பழைய சாம்பியன் ஹாரி வார்டன் பிரபலமாக்கியது முதல் வகை. ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் கோத்துப் பிடிப்பவர்கள். இறுக்கம், பால் பாக்கெட்டை நழுவாமலும் பிதுங்காமலும் பிடிக்கும் அளவு போதும். உங்கள் கையுறையைப் பாருங்கள்: அடிமேட்டில் ஓட்டை விழுந்திருந்தால், கைப்பிடி உள்ளங்கையில் நழுவுகிறது என்று பொருள்.

பிடி மாறினால் இரண்டு மூன்று வாரம் கை யாருடையதோ போல இருக்கும். சில பந்துகள் இடப்பக்கம் வளையும். பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள். முகம் மூடக் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

நிற்பதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்க வேண்டும். ஏழாம் நம்பருக்குப் பந்து கால்களின் நடுவிலிருந்து ஒரு பந்து அளவு இடப்பக்கம் இருக்க வேண்டும். டிரைவருக்கு அது இடது குதிகாலுக்கு நேராகப் போகும். திசைக்குத் தரையில் இரண்டு குச்சிகளைத் தண்டவாளம் போல வையுங்கள்: ஒன்று பந்திலிருந்து இலக்குக்கு, இன்னொன்று அதற்கு இணையாகக் கால்விரல்களின் முன்னே.

இனி உருண்டு ஓடும் பந்து. "தலையைத் தூக்கிட்டீங்க" என்று பக்கத்தில் நிற்பவர் யாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. பந்தை மேலே அனுப்ப நாம்தான் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணமே காரணம். அப்போது எடை வலதுகாலிலேயே தங்கிவிடும்; மட்டை பந்துக்குப் பின்னாலேயே தன் வளைவின் அடியைத் தொட்டு, மேலேறும்போது பந்தின் உச்சியில் படும். நல்ல அயர்ன் அடியில் வளைவின் அடி பந்தைத் தாண்டி சுமார் 10 செ.மீ. முன்னால் இருக்கும். உயர்த்தும் வேலையை முகச்சாய்வு பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பயிற்சி: புல்தரையில் கோலமாவால் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல், கோட்டின் இருபுறமும் கால்வைத்து, கை இடுப்பளவே உயரும் அரை ஸ்விங்கில் அடியுங்கள். மண் பெயரும் இடம் கோட்டிலோ அதற்கு இடப்பக்கமோ தொடங்க வேண்டும். பத்தில் ஏழு அப்படி வந்த பிறகு பந்தை வையுங்கள். ரேஞ்சின் செயற்கைப் புல் விரிப்பில் இது தெரியாது. பின்னால் பட்ட மட்டை வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டு, நல்ல அடி மாதிரி ஏமாற்றும். அங்கே பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டைப் போடுங்கள். அது மட்டையில் படக்கூடாது.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் உள்ளவரா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், முதல் நாள் அவர் செய்வது. முதுகுவலி, தோள்வலி உண்டா என்று விசாரித்து, பத்துப் பந்துகளைப் பேசாமல் பார்ப்பவர் நல்லவர். ஒரே வகுப்பில் நான்கு விஷயங்களை மாற்றுபவரிடம் எச்சரிக்கை தேவை. வீடியோ எடுத்தால் இரண்டு கோணம் வேண்டும்: மார்புக்கு நேர் எதிரே ஒன்று, இலக்குக் கோட்டின் பின்னால் கை உயரத்தில் இன்னொன்று. கேமரா ஓரடி தள்ளினாலும் பாதை தப்பாகத் தெரியும்.

வாரம் ஒரு வகுப்பு, இடையில் இரண்டு நாள் தலா 50 பந்துகள். ஒரே நாளில் 200 பந்து அடித்தால் முழங்கைதான் வலிக்கும். முதல் மூன்று வகுப்பு பிடி, நிலை, அரை ஸ்விங். அடுத்த இரண்டில் இடுப்பும் தோளும் திரும்பும் முழு ஸ்விங். ஆறும் ஏழும் சிப்பிங்குக்கும் (கிட்டத்திலிருந்து குழிப்பக்கம் பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போடுவது) பட்டிங்குக்கும் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்; பலர் விட்டுவிடுவார்கள். பார் 72 கணக்கில், அதாவது 18 குழிகளை 72 அடிகளில் முடிக்கும் கணக்கில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடி பட்டிங்குக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எட்டிலும் ஒன்பதிலும் டிரைவர். பத்தாவதை மைதானத்திலேயே நடத்தச் சொல்லுங்கள், சரிவில் நின்று அடிப்பது ரேஞ்சில் வராது.

பட்டிங்கை வீட்டிலேயே பழகலாம். பட்டரின் (பந்தை உருட்டும் மட்டையின்) தலை மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு டம்ளரைப் படுக்க வையுங்கள். பெட்டிகளைத் தொடாமல் தினமும் இருபது பந்து அடியுங்கள். குழியின் விட்டம் 108 மி.மீ.; டம்ளரின் வாய் அதைவிடச் சிறியது என்பதால், கிரீனில் (குழி இருக்கும் புல்பரப்பில்) குழி பெரிதாகத் தெரியும்.