செனானா, கிரிப்டானா, ஆர்கானா? மின் த்ரஸ்டர் கேள்விகளும் பதில்களும்

சாட்டிலைட்டின் மின் த்ரஸ்டருக்கு, அதாவது மின்சாரத்தால் வாயுவைப் பீய்ச்சி அதைத் தள்ளும் சின்ன எஞ்சினுக்கு, எந்த மந்த வாயு நல்லது என்று பலர் கேட்டிருந்தீர்கள். த்ரஸ்டர் சோதிக்கும் வாக்யூம் சேம்பர் பக்கத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மந்த வாயு எரியாதே சார், அதை எப்படி எரிபொருளாகப் போடுகிறார்கள்?

எரிப்பதே இல்லை தம்பி. அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கி, சில நூறு வோல்ட் கொடுத்து வெளியே விரட்டுகிறோம். எதனோடும் ஒட்டாத குணம்தான் நமக்கு வேண்டும். உள்ளே எதையும் அரிக்காது, சோலார் பேனலில் படியாது. 1964-ல் நாசா அனுப்பிய செர்ட்-1 சோதனைக் கலத்தில் பாதரசமும் சீசியமும்தான் இருந்தன. பாதரசம் கனமானது, சுலபமாக அயனியாகும். ஆனால் விஷம். பிறகு செனான் அந்த இடத்துக்கு வந்தது. இஸ்ரோ 2017-ல் ஏவிய ஜிசாட்-9 சாட்டிலைட்டிலும் செனான்தான்.

ஆர்கான் வெல்டிங் பட்டறையிலேயே கிடைக்கிறது. செனான் மட்டும் ஏன் இந்த விலை?

காற்றில் நூறில் கிட்டத்தட்ட ஒரு பங்கு ஆர்கான். கிரிப்டான் கோடியில் பதினோரு பங்கு. செனான் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. எஃகு ஆலைகளுக்காக ஓடும் பெரிய ஆக்சிஜன் பிளான்ட்டில் உபரியாகப் பிரித்தெடுப்பதுதான் வழக்கம். கேட்பவர் கூடினாலும் வரத்து உடனே கூடாது, விலைதான் ஏறும்.

பட்டறை சிலிண்டரை அப்படியே மாட்டிவிடாதீர்கள். அதிலுள்ள துளி ஆக்சிஜனும் ஈரமும் த்ரஸ்டருக்கு எலக்ட்ரான் கொடுக்கும் கேத்தோடைக் கெடுத்துவிடும்.

ஆர்கான் லேசானது, வேகமாகப் பாயும். அப்படியானால் அதுதானே சிறந்தது, அண்ணா?

எல்லோரும் சறுக்கும் இடம் இது. 300 வோல்ட்டில் செனான் அயனி விநாடிக்கு சுமார் 21 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கிரிப்டான் 26, ஆர்கான் 38. வேகம் கூடினால் வாயுச் செலவு குறையும், அது உண்மை. ஆனால் மின்சாரம்? இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவாட்டுக்கு செனான் 95 மில்லிநியூட்டன் விசையோடு தள்ளும், ஆர்கான் 53 தான். போதாக்குறைக்கு ஆர்கானிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 15.8 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும், செனானுக்கு 12.1 போதும். அதனால் ஆர்கானில் ஒரு பகுதி அயனியாகாமலே சும்மா வெளியே போய்விடும்.

அப்புறம் இன்டர்நெட் சாட்டிலைட் விடும் ஸ்டார்லிங்க் எப்படிச் சமாளிக்கிறது?

2019-ல் கிரிப்டானில் ஆரம்பித்து, 2023-ல் வி2 மினி என்ற புது மாடல் சாட்டிலைட்டில் ஆர்கானுக்கு மாறினார்கள். அவர்கள் சொன்ன கணக்கு: 4.2 கிலோவாட், 170 மில்லிநியூட்டன், 50 சதவீதத் திறன். கிலோவாட்டுக்கு 40 தான் தேறுகிறது. ஆயிரக்கணக்கில் சாட்டிலைட் விடுகிறவர்களுக்கு செனான் கட்டுப்படியாகாது. பேனலைப் பெரிதாக்குவது கட்டுப்படியாகும். 425 கிலோ செனானோடு 2007-ல் கிளம்பிய டான் விண்கலத்தின் கணக்கு வேறு. ஒரே ஒரு கலம், செவ்வாய்க்கும் அப்பால் மங்கலான வெயிலில் வேலை. அங்கே வாயு விலையை யார் பார்க்கிறார்கள்?

டேங்க் விஷயத்தில் என்ன வித்தியாசம்?

என்னைக் கேட்டால் பாதி முடிவு இங்கேதான். 50 டிகிரி, 140 பார் அழுத்தத்தில் பத்து லிட்டர் டேங்க்கில் 16 கிலோ செனான் கொள்ளும். கிரிப்டான் 5 கிலோ. ஆர்கான் 2 கிலோ சொச்சம்.

செனானுக்கும் ஒரு வீம்பு உண்டு. அதன் மாறுநிலை வெப்பம் 16.6 டிகிரி. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. டேங்க் அதற்குக் கீழே குளிர்ந்தால் உள்ளே திரவமாகத் தொடங்கும். எவ்வளவு மிச்சம் என்று அழுத்தமானியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் டேங்க்கைச் சுற்றி ஹீட்டர் ஒட்டுகிறோம்.

சோதனைக்கு மட்டும் கிரிப்டான் போட்டு மிச்சம் பிடிக்கலாமா?

ஆரம்பச் சோதனைக்குச் சரி. ஆயுள் சோதனைக்கு ஆகாது, த்ரஸ்டரின் உள்சுவர் தேயும் விதமே மாறும். செனானையும் ஒரேயடியாக இழக்க வேண்டியதில்லை. வாக்யூம் சேம்பர் பம்ப்பின் குளிர்ந்த தகட்டில் வெள்ளைப் பனியாக உறைந்திருக்கும். சூடாக்கினால் வாயுவாகிவிடும், பிடித்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

ரேடான் இன்னும் கனமாச்சே?

3.8 நாளில் பாதி காணாமல் போகும், கதிரியக்கம் வேறு. வேண்டாம் சாமி.

எங்கள் கல்லூரியில் சின்ன சாட்டிலைட் செய்கிறோம். எது போடலாம்?

அயோடினையும் பாருங்கள். மந்த வாயு இல்லை. கட்டியாகவே வைக்கலாம், உயர் அழுத்த டேங்க் வேண்டாம். 2020-ல் த்ரஸ்ட்மீ என்ற பிரெஞ்சு நிறுவனம் விண்வெளியில் ஓட்டிக் காட்டியது. ஆனால் உலோகத்தை அரிக்கும். அதற்கு முன்னால் உங்கள் பேனல் எத்தனை வாட் தரும் என்று எழுதுங்கள். 20 வாட் என்றால் ஹால் த்ரஸ்டர் (காந்தப்புலத்தில் எலக்ட்ரானைப் பிடித்து வைத்து ஓடும் மின் த்ரஸ்டர் வகை) பேச்சையே எடுக்க வேண்டாம்.