செம்பா, செம்புப் பூச்சா?

ரிச்சி தெருவில் 305 மீட்டர் கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் பெட்டி மலிவாகக் கிடைத்தது. மொட்டை மாடி கேமரா பகலில் ஓடுகிறது, இருட்டினால் அணைந்துவிடுகிறது. கடைக்காரர் கேமராவைக் குறை சொல்கிறார். (பெரம்பூர் வாசகி)

கேமரா மேல் பழி வேண்டாம், கேபிளைப் பாருங்கள். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கரன்ட் கூடுதலாக இழுக்கும். உங்கள் கேபிளில் இருப்பது அநேகமாக சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேபிள் வழியாகவே கரன்ட் கொடுக்கும்போது மாடி போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது.

இந்தச் சிசிஏ விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. 'கேட் 6' என்று உறையில் அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? அந்தத் தரத்துக்கு உள்ளே இருக்க வேண்டியது செம்பு. ஒரு கம்பியை உரித்து பிளேடால் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் நாலைந்து மடிப்பிலேயே ஒடியும். பெட்டியைத் தூக்கினாலும் செம்பின் கனம் இருக்காது.

பில் வைத்திருக்கிறீர்களா? கேபிள் துண்டோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். இனி வாங்கும்போது பில்லிலேயே 'ப்யூர் காப்பர்' என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் 'கேட் 8' தட்டைக் கேபிள் 20 மீட்டர் வாங்கினேன். என் பிளான் 100 எம்பிபிஎஸ். வேகம் கூடவே இல்லையே? (தாம்பரம்)

கேபிள் பிளானை ஏற்றாது. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். கதவிடுக்கில் நுழையுமே என்று தட்டைக் கேபிள் வாங்கி நானும் காசைத் தொலைத்தவன்தான்.

எலக்ட்ரீஷியன் கிரிம்ப் செய்த (நுனியில் கனெக்டர் மாட்டிய) லைனில் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வரவில்லை, 100தான் காட்டுகிறது. (வேளச்சேரி)

ஜிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் முறுக்கியிருக்கும் 4 ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி கனெக்டரின் நுனியைத் தொடாமல் நின்றிருக்கும். இரண்டு முனையையும் வெட்டிவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளியுறை கனெக்டருக்குள் போய் உட்கார வேண்டும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்த பிறகு கூலி கொடுங்கள்.

ஷீல்டு கேபிள் (உள்ளே உலோகத் தாள் சுற்றியது) அவசியமா? (மயிலாப்பூர்)

வீட்டுக்கு வேண்டாம். எர்த் சரியில்லாத வீட்டில் அது தண்டச் செலவு.

அண்ணா நகரில் புது ஃபிளாட். சுவரைப் பூசும் முன் என்ன போடுவது?

சாலிட் கம்பி (இழைகளாக இல்லாத ஒற்றைக் கம்பி) உள்ள கேட் 6. பாயின்டுக்கு இரண்டாக இழுங்கள். ஒன்று போனால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள். வெயில் படும் இடத்துக்கு வெளிப்புறக் கருப்பு உறைக் கேபிள்தான். சாதாரண பிவிசி உறை சென்னை வெயிலில் வெடித்துவிடும். இரண்டு நுனியிலும் அறைப் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

மீட்டர் கணக்கில் வாங்கலாமா? (குரோம்பேட்டை)

தாராளமாக. உறையில் மீட்டர் எண் அச்சாகியிருக்கும். இரண்டு முனை எண்களையும் கழித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.