மிஸி அக்கா பதில்கள்: வார்டிலிருந்து பேரிடர் முகாமுக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. ஈப்போவில் வார்டு தாதியாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வீடு சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். மியன்மார் நிலநடுக்கத்தை டிவியில் பார்த்ததிலிருந்து, வெளிநாட்டு நிவாரண வேலைக்குப் போக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அம்மாவோ, "பொம்பளப் புள்ள அங்கெல்லாம் போயி என்னா செய்யப் போற" என்கிறார். இடிபாட்டுக்குள் கிடப்பவர்களைப் பார்க்கும் தைரியம் எனக்கு இருக்குமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, இடிபாட்டுக்குள் நீ போக மாட்டாய். உயிரோடு மீட்கப்படுபவர்களில் பெரும்பாலோரை முதல் நாளிலேயே அக்கம்பக்கத்துச் சனங்கள்தான் வெறுங்கையால் தோண்டி எடுக்கிறார்கள். வெளிநாட்டுக் குழு விமானம் பிடித்து, சாமான் இறக்கி, கூடாரம் அடித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அதற்குப் பிறகு உன் முன்னால் வந்து நிற்பது சீழ் பிடித்த காயமும், பிரசவ வலியும், இன்சுலின் கிடைக்காமல் மயங்கிய சர்க்கரை நோயாளியும், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையும்தான். இதெல்லாம் நீ வார்டில் தினமும் பார்ப்பதுதானே. அங்கே ஸ்கேன் இருக்காது, லேப் இருக்காது, சில நாள் தண்ணீர்கூட அளந்துதான் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் 2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு ஒரு குழுவோடு போனேன். ஒரு மீனவர் வந்தார். காலில் துத்தநாகத் தகடு கிழித்த காயம், சின்னதுதான், ஏறக்குறைய ஆறியும் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல்கூட நுழையவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அந்த மாதம் ஆச்சேயில் 100 பேருக்கு மேல் இது வந்தது, சேற்று நீரில் புரண்டு காயம் பட்டவர்கள் அத்தனை பேர், தடுப்பூசி போட்டவர்கள் குறைவு. ரணஜன்னி வந்தவருக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளைந்துவிடும். கூடாரத்தில் இருட்டறைக்கு எங்கே போவது? நாங்கள் சாரோங்குகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஒரு மூலையை இருட்டாக்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் "சாபார், காக்" (பொறுமையாக இருங்க, அக்கா) என்று மெதுவாகச் சொல்ல எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு மலாய் வரும், தமிழ் வரும், தட்டுத்தடுமாறியாவது ஆங்கிலம் வரும். அதே சுனாமி முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அடித்தபோது அங்கே அழுதவர்கள் தமிழில்தான் அழுதார்கள். உன்னிடம் இருக்கும் இந்த மூன்று மொழியை நீ சொத்தாக நினை.

சரி, எப்படிப் போவது? மெர்சி மலேசியா 1999இல் டாக்டர் ஜெமிலா மாமூட் தொடங்கிய நம் நாட்டு அமைப்பு, தொண்டூழியர்களாகத் தாதிகளை எடுக்கிறார்கள். முதல் பயணத்துக்கு இது நல்ல வாசல். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு சம்பளம் கொடுத்து எடுக்கும், ஆனால் குறைந்தது இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள், பல மாதம் தங்கவும் வேண்டியிருக்கும். பிரெஞ்சோ அரபோ தெரிந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். வேலையை விட்டுவிட்டு ஓடாதே. மேலிடத்தில் எழுத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு போ.

அதுவரைக்கும் அவசரப் பிரிவுக்கோ குழந்தைகள் வார்டுக்கோ மாற்றல் கேள். சுருங்கிப்போன நரம்பில் ஊசி ஏற்றும் கை உனக்கு வர வேண்டும். காலராவில் துவண்டுபோன 50 கிலோ ஆளுக்கு மூன்று மணி நேரத்தில் 5 லிட்டர் ரிங்கர்ஸ் லாக்டேட் என்ற உப்புநீர் திரவத்தை நரம்பில் ஏற்ற வேண்டும், அதிலும் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணி நேரத்திலேயே. கடுமையான காலராவில் வைத்தியம் இல்லாவிட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள், ஒழுங்காகத் தண்ணீர் ஏறினால் 100இல் ஒருவர்கூடச் சாக மாட்டார். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே ஒரு வாளி, அந்த வாளியில் எவ்வளவு போகிறது என்று பார்த்து எழுதுவது தாதியின் வேலை. முகம் சுளிக்காமல் அதைச் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள். தைரியத்தைப் பற்றி நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்.

அம்மாவிடம் சண்டை போடாதே. எங்கே தங்குவாய், யாரோடு போவாய், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. என் அம்மா பால்மரம் வெட்டியவர், பாஸ்போர்ட்டையே பார்த்ததில்லை, குழுத்தலைவியின் போன் நம்பரைக் கொடுத்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட்டார்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர்கள் பேரிடர் நாடுகளுக்கு அனுப்ப மருந்தும் பழைய துணியும் சேகரிக்கலாம் என்றிருக்கிறோம். எந்த மருந்து நல்லது?
— வாசகர், தாப்பா

பதில்: தம்பிகளே, உங்கள் மனசு புரிகிறது, ஆனால் மருந்து வேண்டாம். ஆச்சேவுக்கு அப்படி வந்து குவிந்தது ஏறத்தாழ 4,000 டன். அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை, பெரும்பாலான பெட்டிகளின் எழுத்தும் அங்கே யாருக்கும் புரியவில்லை. நோயாளி காத்திருக்க, நாங்கள் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. துணிக்கும் இதே கதைதான். பணமாகச் சேர்த்து, ரசீது தரும் அமைப்பிடம் கொடுங்கள். அங்கேயே வாங்கினால் சீக்கிரமும் கிடைக்கும், அந்த ஊர்க் கடைக்காரரும் பிழைப்பார்.

கேள்வி: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதியிருக்கிறேன். நேராகப் பேரிடர் தாதியாக முடியுமா?
— வாசகி, பீடோர்

பதில்: முடியாதும்மா. முதலில் மூன்று வருஷ தாதிமை டிப்ளோமா, அப்புறம் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு, அப்புறம் வார்டு. இப்போதைக்கு மலேசியச் செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி கற்றுக்கொள், வெள்ளக் காலத்தில் உன் ஊர் நிவாரண மையத்திலேயே கை கொடுக்கலாம். பதிவு எண் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம் போடு.