பிள்ளையை ஆன்லைனில் யாரோ சீண்டுகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எட்டாவது படிக்கும் மகள் மெசேஜ் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறாள், போனை வாங்கிப் பார்த்தால் தப்பாக எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். இந்த வயதில் நடக்கிற கொடுமை பல நேரம் பாதிக்கப்பட்ட பிள்ளையின் போனில் தடயமே விடாது. அவளை மட்டும் விட்டுவிட்டு வகுப்புக்குப் புது வாட்ஸ்அப் குரூப் தொடங்குவார்கள். பெயர் சொல்லாமல் ஸ்டேட்டஸ் போடுவார்கள், 24 மணி நேரத்தில் அது போய்விடும். அவள் போட்டோவை ஸ்டிக்கராக்கி வேறு குரூப்களில் சுற்றவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் நாலு பேர் சிரிக்கும்போதுதான் அவளுக்கே விஷயம் தெரியவரும்.

அதனால் அவளுடைய வழக்கத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். போனைக் கவிழ்த்து வைப்பது, நீங்கள் அறைக்குள் வந்ததும் திரையை மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்த அறிகுறிகள். அவை சாதாரண பதின்வயதுக் கூச்சமாகவும் இருக்கலாம். நான் அதிகம் கவலைப்படுவது எதிர்ப்பக்க மாற்றத்துக்குத்தான்: எப்போதும் போனும் கையுமாக இருந்தவள் சார்ஜ்கூடப் போடாமல் விட்டுவிடுவது, டிபியை எடுத்துவிடுவது, கணக்கை அழித்துவிட்டு வேறு பெயரில் தொடங்குவது, குடும்ப விழாவில் போட்டோ என்றதும் ஒதுங்குவது. தினமும் அவள் வாயில் வந்துகொண்டிருந்த ஒரு தோழியின் பெயர் திடீரென்று பேச்சிலேயே வராமல் போனால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ இருக்கும். எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்தாள், நாளைக்கு எத்தனை தடவை போனைத் திறந்தாள் என்று அது காட்டும். மொத்த நேரம் கூடாமல், திறந்த எண்ணிக்கை மட்டும் எகிறியிருந்தால், என்ன எழுதியிருக்கிறார்களோ என்று பயந்து பயந்து எட்டிப் பார்க்கிறாள் என்று பொருள் கொள்ளலாம். இன்னொன்று, பள்ளியோடு மட்டும் நிற்கிற தொல்லை என்றால் திங்கட்கிழமை காலை வரும் வயிற்றுவலி லீவில் குறைந்துவிடும். ஆன்லைன் தொல்லைக்கு லீவு கிடையாது. காலாண்டு விடுமுறையிலும் முகம் தெளியாது.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பரீட்சை பயமும் இப்படித்தான் தெரியும். இரண்டு மூன்று மாற்றங்கள் சேர்ந்து வந்து, இரண்டு வாரம் நீடித்தால் பேசிவிடுங்கள்.

பேசும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “உன்னை யாராவது தொந்தரவு பண்றாங்களா?” என்று நேருக்கு நேர் கேட்டால் “இல்லம்மா” என்றுதான் பதில் வரும். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ, காய் நறுக்கும்போதோ, “உங்க கிளாஸ் குரூப்ல யாரையாச்சும் ரொம்ப ஓட்டுறாங்களாடா?” என்று மூன்றாம் ஆளைப் பற்றிக் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வாக்குக் கொடுங்கள்: “என்ன நடந்திருந்தாலும் போனைப் பிடுங்க மாட்டேன்.” பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு முக்கியமான காரணம் இந்தப் பயம்தான். “நீ ஏன் அந்தப் போட்டோவைப் போட்ட?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

விஷயம் வெளியே வந்ததும் எதிர்த்தரப்புப் பெற்றோருக்குப் போன் போடத் துடிக்கும். பொறுங்கள். போன் போட்ட நிமிடமே அங்கே எல்லாம் டெலீட் ஆகிவிடும். முதலில் தேதி, நேரம், யூசர்நேம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை மாற்றிவிடுவார்கள் என்பதால் புரொபைல் லிங்கையும் காப்பி செய்து வையுங்கள். குரூப்பை விட்டு வெளியேறும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதன் பிறகு ரிப்போர்ட், கடைசியாக பிளாக். பிறகு வாட்ஸ்அப் பிரைவசியில் குரூப்பில் சேர்ப்பதற்கான அனுமதியை ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள்.

ஆபாசமாக மார்ஃப் செய்த படமோ, அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டலோ என்றால் வழி வேறு. அந்தப் படத்தை ஆதாரம் என்று மாமாவுக்கோ டீச்சருக்கோ ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிறுவர் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். மிரட்டுகிற மெசேஜ், லிங்க், எண் போதும். கேட்கிற பணத்தைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடலாம், அல்லது மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் தளத்தில் பதியலாம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்க முடியும். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. அதில் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அந்தப் படத்துக்கான அடையாளக் குறியீடு உருவாகி, அது மட்டும் போகும். அதை வைத்து, சேவையில் இணைந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்குகின்றன.

ஸ்டேஷன் வாசலை மிதிக்க வேண்டுமே என்று பயந்து நிறையக் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வருகிற போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவதற்கும் தடை உண்டு.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதை மறைப்பதுபோல வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்தாலோ, “நான் இல்லாமலே இருந்திருக்கலாம்” என்று பேசினாலோ ஆதாரம், புகார் எல்லாம் பிறகு. அன்று இரவு அவளைத் தனியே படுக்க விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமனஸில் எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் இருக்கிறது. மறுநாளே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.